டேபிள் டென்னிஸ் தரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பயிற்சிக்கூடம் தொடங்குகிறவர்கள் மேசைக்கும் மட்டையின் ரப்பருக்கும் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். தரையை மட்டும் ஒரே மாலையில் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் பணம் கொட்டிச் சரிசெய்த அதே கோளாறுகள் மறுபடி நடப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வழுக்கும் டைல்ஸில் ஆடக்கூடாது என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. அது ஒருமுறை விழுந்தாலே தெரிந்துவிடும்.

ஈரம் பார்க்காமல் ஒட்டுவது

நிரந்தரத் தரை என்றால் பலருக்கும் கான்கிரீட் மேல் பசை தடவி ஒட்டிய வினைல் என்ற பிளாஸ்டிக் விரிப்புதான். கான்கிரீட்டில் அது கலந்தபோது சேர்த்த தண்ணீர் இருக்கிறது. தரைத்தளமாக இருந்தால் மண்ணிலிருந்தும் ஈரம் ஏறும். திறந்து கிடக்கும்வரை அது ஆவியாகிப் போய்விடும். மேலே வினைல் வந்துவிட்டால் போக வழியில்லாமல் பசைக்கடியில் தங்கும். கூடவே கான்கிரீட்டின் காரத்தன்மையும் (alkali) மேலே வந்து பசையின் பிடியைத் தளர்த்தும்.

எனக்குத் தெரிந்த ஒரு கூடத்தில் கான்கிரீட் போட்ட கையோடு ஒட்டினார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றதற்கு, "மேலே காய்ந்துதானே இருக்கு?" என்றார் வேலை எடுத்தவர். முதலில் இணைப்புகள் வாய் பிளந்தன. பிறகு ஆட்டக்காரர் நிற்கும் இடத்திலேயே உப்பலும் புழுங்கல் வாடையும். பக்கவாட்டில் நகர்ந்த ஒரு பையன் அந்த உப்பலில் தடுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். கடைசியில் எல்லாவற்றையும் உரித்து, பழைய பசையைச் சுரண்டி, ஈரத்தடுப்புப் பூச்சு பூசி, புது வினைல் வாங்கினார்கள். உரித்த வினைல் குப்பைக்குத்தான் போனது.

இதற்கான முதல் சோதனைக்குச் செலவே இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். அரை மீட்டர் சதுரத்துக்குப் பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஒட்டும் பேச்சே வேண்டாம். எதுவும் தெரியாவிட்டாலும் உள்ளே முழுக்கக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரிய வேலை என்றால் தரையில் துளையிட்டு ஈரப்பதமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 25 மி.மீ. கனமான கான்கிரீட் காய ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் உத்தேசக் கணக்கு, 100 மி.மீ. தளத்துக்கு நான்கு மாதம்.

ஈரம் இருந்தால் ஒட்டாமல் விரிக்கும் ரோல் நல்லது. அதையும் மாதக்கணக்கில் அப்படியே போட்டுவைக்காமல், அவ்வப்போது சுருட்டித் தரையைக் காயவிட வேண்டும்.

விரிப்பு முழங்காலைக் காக்கும் என்ற நம்பிக்கை

சில மி.மீ. கனமுள்ள வினைல் பிடிமானம் தரும். அடியிலுள்ள கான்கிரீட்டின் கெட்டித்தன்மையை மாற்றாது. உலகச் சாம்பியன்ஷிப், ஒலிம்பிக் ஆட்டங்களுக்கு மரத்தளம் அல்லது அங்கீகரிக்கப்பட்ட சுருட்டக்கூடிய செயற்கைத் தளம் என்பது விதி. ஆனால் தொலைக்காட்சியில் தெரியும் சிவப்பு விரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது கேமராவில் தெரியாது. தினமும் மணிக்கணக்கில் ஆடுவீர்களானால், மரச்சட்டங்கள் மேல் எழுப்பிய மரத்தளத்துக்குச் செலவழியுங்கள். வினைலை அதன்மேல் போட்டுக்கொள்ளலாம்.

மெத்தென்ற ஃபோம் மேட்

வேண்டாம். கால் அமுங்கும், இணைப்பு விலகும், மேசைக்கால் புதையும்.

மேசையை அளந்து விரிப்பு வாங்குவது

மேசை 2.74 மீட்டர் நீளம், 1.525 மீட்டர் அகலம். ஆட்டம் நடப்பது அதற்கு வெளியே. சர்வதேசப் போட்டிகளுக்கு 14 மீட்டருக்கு 7 மீட்டர் ஆடுகளம் கேட்கிறார்கள். பயிற்சிக்கு அவ்வளவு வேண்டாம்தான். ஆனால் பின்வாங்கிப் பந்தை உயரத் தூக்கி லாப் அடிக்கிறவரின் குதிகால் விரிப்பின் ஓரத்தில் விழும்படி இருந்தால், விரிப்பே இல்லாமல் ஆடுவது மேல்.

வெளிர் நிறம், பளபளப்பு

வெள்ளைப் பந்து தொலைந்துபோகும்.

யார் சுருட்டுவது?

மற்ற ஆட்டங்களும் நடக்கும் பொது அரங்கு என்றால் எடுத்துவைக்கும் தளம்தான் சரி. ஆனால் வினைல் ரோல் கனமானது. முழு நீள ரோலை ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. மடித்தால் அந்த மடிப்பு பிறகு எளிதில் போகாது. குழாயில் சுற்றித்தான் வைக்க வேண்டும். விரித்ததும் சுருள் படிய நேரம் விட வேண்டும். ஆகவே விலை கேட்கும்போதே சுற்றும் குழாய்க்கும் சக்கர வண்டிக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஆட்டம் முடிந்து எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் அதைச் சுருட்ட இரண்டு பேரை இப்போதே பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள்.