அமெரிக்க-கொரிய டைனரில் சாப்பிடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

லாஸ் ஏஞ்சலஸ் போன்ற அமெரிக்க நகரங்களில் உள்ள பழைய டைனர்கள், அதாவது எளிய அமெரிக்கச் சாப்பாட்டுக் கடைகள், சிலவற்றில் பான்கேக்கும் பர்கரும் இருக்கும் அதே மெனுவில் புல்கோகி என்ற கொரிய இறைச்சி வறுவலும் இருக்கும். 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்த கொரியக் குடும்பங்கள் பல, சேமிப்பைப் போட்டுச் சிறு கடைகளை வாங்கின. டைனரை வாங்கியவர்கள் பழைய வாடிக்கையாளர்களை விடக்கூடாது என்று முட்டை, பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டு) இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, வீட்டுச் சமையலையும் கூடவே சேர்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கடைகள் இவை. முதல்முறை போகிறவர்கள் இங்கே கிடைக்கும் நல்லதைத் தவறவிட்டு வருவதுதான் வருத்தம்.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கொரிய பார்பெக்யூ உணவகத்துக்குப் போகிற நினைப்பில் போகிறார்கள். இங்கே மேஜையில் அடுப்பு இருக்காது. தொடுகறிக் கிண்ணங்கள் வரிசையாக வராது. அடுப்பில் ஒரு பெரிய இரும்புக் கல், அதன் முன்னே ஒன்றிரண்டு பேர், அவ்வளவுதான். அந்தக் கல்லில் எது நன்றாக வருமோ அதைக் கேளுங்கள். கிம்ச்சி என்பது காரம் சேர்த்துப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ். நன்றாகப் புளித்த கிம்ச்சியைச் சூட்டில் வதக்கினால் புளிப்பின் கூர்மை அடங்கும். அதோடு சோற்றைப் பரப்பிவிட்டால் அடியில் முறுகும். அதனால் கிம்ச்சி ஃபிரைடு ரைஸை இங்கே துணிந்து வாங்கலாம். மேலே ஒரு முட்டையும் போடச் சொல்லுங்கள். எப்படி வேண்டும் என்று கேட்பார்கள். நம்மூர் ஹாஃப் பாயில் வேண்டுமென்றால் சன்னி சைட் அப். திருப்பிப் போட்டும் மஞ்சள் ஒழுக வேண்டுமென்றால் ஓவர் ஈசி. ஒழுகும் மஞ்சள்தான் அந்தச் சோற்றுக்குச் சரியான துணை.

ஸ்பாமை மலிவான டின் இறைச்சி என்று ஒதுக்காதீர்கள். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரை ஒட்டிய பஞ்ச காலத்தில், அமெரிக்க ராணுவ முகாம்களிலிருந்து வெளியே வந்த டின் இறைச்சியும் சாசேஜும் கிம்ச்சியோடு சேர்ந்து கொதித்துத்தான் பூதே ஜிகே என்ற குழம்பு உருவானது. தென் கொரியாவின் ஊய்ஜோங்பூ நகரம் இன்றும் அதற்குப் பேர்போனது. பசியில் பிறந்த அந்த உணவு இன்று கொரியர்கள் ஆசையாகச் சாப்பிடுவது. அமெரிக்க உணவும் கொரிய உணவும் ஒரே மெனுவில் இருப்பதை வினோதம் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோற்றின் மேல் காய்கறிகளை அடுக்கித் தரும் பிபிம்பாப்பை அடுக்கு கலையாமல் ஓரத்திலிருந்து கிள்ளிச் சாப்பிடுவதும் தவறு. கோச்சுஜாங் என்ற மிளகாய் விழுதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அடிவரை பிசறிவிட்டுச் சாப்பிடுங்கள். கல்சட்டியில் வந்தால் அடிச்சோறு முறுகும்வரை சற்றுப் பொறுங்கள். சட்டியைக் கையால் தொட வேண்டாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்பதோடு நிறுத்தக்கூடாது. கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாஸோ இருக்கும். தோயன்ஜாங் ஜிகே என்ற சோயா விழுதுக் குழம்புக்குப் பல இடங்களில் நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்த தண்ணீர்தான் அடிப்படை. ஹாஷ் பிரவுன்ஸ் உருளைக்கிழங்குதான் என்றாலும், பேக்கன் வெந்த அதே கல்லில்தான் வேகும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு: புல்கோகி என்று மட்டும் போட்டிருந்தால் அது மாட்டிறைச்சி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பாமில் பன்றி இறைச்சி உண்டு.

இத்தகைய கடைகள் பல காலையும் மதியமும் மட்டுமே திறந்திருக்கும். மூடும் நேரத்தில் நுழைந்தால் கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார்கள். கார்டு எடுக்காத கடைகளும் உண்டு, ரொக்கம் கையில் இருக்கட்டும்.

மெனு விலையோடு கணக்கு முடிந்தது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான மாநிலங்களில் விற்பனை வரி தனி. அதன்மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்ச ரொக்கக் கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான்; 1991 முதல் அது ஏறவே இல்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலி உண்டு என்றாலும் அங்கேயும் டிப்ஸ் வழக்கம் மாறவில்லை. ஒரு காபிக்குக் காசு வாங்கிக்கொண்டு, கோப்பை காலியாகும்போதெல்லாம் வந்து நிரப்புகிறவருக்குச் சில்லறையை மட்டும் விட்டுவிட்டு எழுந்து வராதீர்கள்.