படகுக்குப் புதுப் பேட்டரி வாங்கும் முன் இதைச் சோதியுங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகின் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். உடனே பேட்டரிக் கடைக்கு ஓடாதீர்கள். உப்புக்காற்றில் முதலில் கெடுவது பெரும்பாலும் வயர் இணைப்புகள்தான். வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பேட்டரிப் பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது. மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள்.

1. ஓய்வில் அளத்தல்

எல்லாவற்றையும் அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளக்கவும். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. 24 வோல்ட் படகில் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே அளப்பது முக்கியம். ஒன்று 12.6, மற்றது 11.8 என்றிருந்தாலும் மொத்தமாகப் பார்த்தால் 24.4 காட்டும், இரண்டும் பாதிச் சார்ஜில் இருப்பதாக நம்பிவிடுவோம்.

2. இணைப்பைச் சோதித்தல்

இதைத்தான் பலரும் செய்வதில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, டீசலை நிறுத்திவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும், மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வையுங்கள். இன்னொருவர் சில வினாடிகள் மட்டும் செல்ஃப் அடிக்கட்டும். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் கோளாறு அங்கேதான். 200 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.005 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் வீணாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய களிம்பு அதற்குப் போதும். எஞ்சினில் மைனஸ் கேபிள் போல்ட்டால் இறுக்கப்பட்ட இடத்தையும் இப்படியே பாருங்கள்.

இணைப்புகள் எல்லாம் சரி, பேட்டரியும் முழுச் சார்ஜ், ஆனாலும் செல்ஃப் அடிக்கும்போது ஒரு பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுகிறதா? அப்போது புதிது வாங்கலாம்.

3. சுத்தம் செய்தல்

மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். அப்படிச் செய்தால், பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் எஞ்சினில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். சோடா உள்ளே போனால் அமிலம் கெட்டுவிடும். பிரஷ்ஷால் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். செம்புக் கம்பி கருத்திருந்தால் பளிச்சென்ற பகுதி வரும்வரை வெட்டுங்கள்.

4. ஆல்டர்னேட்டர்

எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது இதுதான். அப்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். 24 வோல்ட்டில் இதற்கு இரட்டிப்பு. குறைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியில் 15-ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. சோதிப்பதாக எண்ணி, ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றவே கழற்றாதீர்கள், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகள் எரிந்துவிடும்.

வயர்லெஸ் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். மறுபடியும் போனால் வயர் எங்கோ உரசுகிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது அந்த வயர்தான்.