பாரசீக வளைகுடா மாதிரி: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஈரோடு, பெருந்துறை, பல்லடம் பக்கத்துப் பள்ளிக் கண்காட்சிகளில் பாரசீக வளைகுடாவின் செய்மாதிரி அடிக்கடி மேசைக்கு வந்துவிடுகிறது. சொந்தத்தில் ஒருவராவது துபாயிலோ குவைத்திலோ இருப்பதால் பிள்ளைகளுக்கு அந்தக் கடல் மேல் ஓர் ஆசை. சொல்லிக்கொடுக்கிற நாங்கள் ஒரு காலத்தில் செய்த பிழைகளையே அவர்களும் அச்சு அசலாகச் செய்கிறார்கள். எழுத்துப் பிழை, விட்டுப்போன திசைக்குறி இவையெல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விடுவோம்.

கிண்ணமாகச் செய்வது

மேட்டூர் அணை நிரம்பினால் 120 அடி. வளைகுடாவின் சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர், அதாவது 115 அடிதான். நீளமோ ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். ஒரு மீட்டர் நீள மாதிரியில் அந்த ஆழம் ஒரு தாளின் கனத்தில் பாதிகூட வராது. ஆழத்தை மட்டும் 500 மடங்கு கூட்டுங்கள், 35 மீட்டர் 1.75 செ.மீ. ஆகிவிடும். எத்தனை மடங்கு கூட்டினோம் என்பதை அட்டையில் எழுதுங்கள். முக்கால்வாசிப் பேர் அதை எழுதுவதே இல்லை.

அடித்தளம் நடுவில் குழியாது. ஆழம் ஈரான் கரையை ஒட்டி இருக்கிறது, அரபுக் கரைப் பக்கம் மெல்லச் சரிந்து ஏறும். ஈரானின் ஜாக்ரோஸ் மலைகளின் பாரத்தில், அரேபியா அமர்ந்திருக்கும் நிலத்தட்டு அந்தப் பக்கமாக வளைந்து தாழ்ந்ததுதான் காரணம்.

ஹோர்முஸில் அம்பைத் திருப்பிப் போடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வந்து எரிச்சலூட்டுவது இது. குளம் நிரம்பினால் கலங்கில் வழியும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதே கணக்கில், வடகோடியில் வந்து சேரும் ஷத்-அல்-அரப் ஆறு கொண்டுவரும் தண்ணீர் கடலை நிரப்பி, வளைகுடாவின் ஒரே வாசலான ஹோர்முஸ் நீரிணை வழியே மேல்மட்டமாக வெளியேறுவதாக வரைந்துவிடுகிறார்கள்.

நடப்பது நேர் எதிர். அங்கே ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தண்ணீர் ஆவியாகிறது. மழை சொற்பம், ஆற்று நீரும் அதற்கு ஈடாகாது. வரவைவிடச் செலவு மிகுந்த கடல் இது. அந்தக் குறையை ஈடுகட்ட வெளிக்கடல் நீர் மேல்மட்டமாக உள்ளே வருகிறது. ஈரான் கரையோரம் வடமேற்கே போய், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. போகப் போக உப்பேறிக் கனத்து அடியில் இறங்கி, தரையோடு தரையாக ஹோர்முஸ் வழியே ஓமான் வளைகுடாவுக்குப் போய்விடுகிறது. உள்ளே வரும்போது ஒரு கிலோ நீருக்கு 37 கிராம் அளவில் இருக்கும் உப்பு, வெளியேறும்போது 40 கிராமை ஒட்டி இருக்கும். அம்பு ஒன்று மாறினால், உப்பு ஏன் ஓர் அளவோடு நிற்கிறது, எண்ணெய் கொட்டினால் எந்தப் பக்கம் நகரும் என்று அதன் மேல் கட்டிய விளக்கம் அத்தனையும் சரிந்துவிடும்.

செய்து காட்டுவது எளிது. இரண்டடி நீள, ஓரடி அகல மீன் தொட்டி. நடுவே, ஓரங்களில் வாஸ்லின் தடவிய பிளாஸ்டிக் தகடு. இரு பக்கமும் ஒன்பது லிட்டர் தண்ணீர், 10 செ.மீ. உயரம் வரும். ஒரு பக்கம் 315 கிராம் உப்பு, மறுபக்கம் 360 கிராம் உப்போடு நீலச் சாயம். கல்லுப்பு என்றால் கரைத்து வடிகட்டுங்கள். கலக்கம் அடங்கியதும் தகட்டை ஆட்டாமல் நேராகத் தூக்குங்கள். நீலம் தரையோடு ஊர்ந்து போகும், தெளிந்த நீர் அதன் மேலே எதிர்த்திசையில் வரும்.

ஒரு பள்ளியில் உப்புச் சீக்கிரம் கரையட்டும் என்று சுடுதண்ணீரில் கரைத்துவிட்டார்கள். நீலம் மேலே மிதந்தது. பிள்ளைகளும் கண்ணால் கண்டதை நம்பி, 'உப்பு நீர் மேலே போகும்' என்று அட்டையில் எழுதி ஒட்டிவிட்டார்கள். லிட்டருக்கு ஐந்து கிராம் வித்தியாசத்தை அழிக்க பத்துப் பன்னிரண்டு டிகிரி சூடு போதும். ஆகவே இரண்டையும் கரைத்து, மூடி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அசல் கடலிலும் இந்த இழுபறி உண்டு. கோடையில் மேல்நீர் 35 டிகிரியைத் தொடும்போது, உப்பு கூடினாலும் சூடு அதை மேலேயே தாங்கிக்கொள்கிறது. குளிர்காலத்தில் வடகோடி ஆழமில்லா நீர் 15 டிகிரி அளவுக்கு இறங்கும்போது குளிரும் உப்பும் ஒரே பக்கம் சேர்ந்து நீரை அடியில் தள்ளுகின்றன.

உப்பு எங்கும் ஒரே அளவு என்பது

கத்தாருக்கும் சவூதிக்கும் நடுவே உள்ள சல்வா குடாவில் 50 கிராமைத் தாண்டும்.

சாக்கடலோடு ஒப்பிடுவது

வேண்டாம். அதற்கு வெளிவாசலே இல்லை.

ஆதிகாலக் கடல் என்பது

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. வளைகுடாவின் மிக ஆழமான இடமே அந்த அளவு இல்லை. அப்போது அங்கே கடல் இல்லை, ஆறு ஓடிய சமவெளி.

ஷமால் காற்று

வளைகுடா மேல் அடிக்கும் இந்தக் காற்றின் பெயருக்கு அரபியில் 'வடக்கு' என்று பொருள். அடிப்பது வடமேற்கிலிருந்து. அம்பைக் குவைத்தில் தொடங்கி அமீரகத்தில் முடியுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகள்கூட இதைத் தலைகீழாகத்தான் போடுகிறார்கள்.