பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டே 350 எஞ்சினைத் தேற்றுவது

என் வண்டி 1990 மாடல் ஷெவர்லே அரை டன் பிக்கப். 5.7 லிட்டர் வி8, பழைய கணக்கில் 350 கன அங்குலம். 1987 முதல் 1995 வரை ஜி.எம். டிரக்குகளில் வந்த த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் வகை. கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த இடத்தில் இரண்டு இன்ஜெக்டர்களை வைத்து, அவற்றை ஆட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்திருப்பார்கள். "அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு கார்புரேட்டர் மாட்டு" என்று எனக்கு யோசனை சொல்லாத ஆள் இல்லை. நான் கேட்கவில்லை. உறைபனிக் காலையிலும் சாவியைத் திருப்பியதும் கிளம்புகிற வண்டியை எதற்குக் கெடுக்க வேண்டும்?

ஆனால் அந்த டப்பா எப்படி யோசிக்கிறது என்று தெரியாமல் எஞ்சினில் கைவைத்தால் காசும் போகும், மானமும் போகும். எனக்கு இரண்டும் போயின.

இந்தக் கம்ப்யூட்டருக்கு எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று நேரடியாகத் தெரியாது. காற்றை அளக்கும் சென்சாரே கிடையாது. மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) எவ்வளவு அழுத்தம் என்று மேப் சென்சார் சொல்லும். அதோடு எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது, கூலன்ட் எவ்வளவு சூடு என்ற மூன்றையும் பார்க்கும். அப்புறம் உள்ளே இருக்கிற ஓர் அட்டவணையைப் புரட்டி, "இந்த அழுத்தத்தில், இந்தச் சுற்றில், சிலிண்டர் இவ்வளவுதான் நிரம்பும்" என்று ஊகித்து பெட்ரோல் விடும். அந்த அட்டவணை தொழிற்சாலையில் அப்போதிருந்த கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), ஹெட் (சிலிண்டர்களுக்கு மேல் வால்வுகள் இருக்கும் மூடி), சைலன்சருக்காக எழுதியது. நீங்கள் கேமை மாற்றினால் கம்ப்யூட்டருக்கு யாரும் தகவல் சொல்வதில்லை.

நான் முதலில் செய்த காரியம் இதுதான். 230 டிகிரி டியூரேஷனில் (வால்வு திறந்திருக்கும் அளவு) ஒரு கேம் வாங்கி மாட்டினேன். ஐடிலில் 18 அங்குலம் (பாதரச அளவில்) இருந்த வேக்யூம், அதாவது மேனிஃபோல்டின் உறிஞ்சும் விசை, 11-க்கு இறங்கிவிட்டது. மேப் சென்சாருக்கு அது எப்படித் தெரியும்? யாரோ ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார்கள் என்றுதான். உடனே பெட்ரோலைக் கொட்டியது. எஞ்சின் ஏறி இறங்கி ஊசலாடியது. "நீங்க வர்றது தெருமுனையிலேயே வாசனையில தெரியுது" என்றாள் மனைவி. அந்த அட்டவணைகள் கம்ப்யூட்டருக்குள் ஒரு சிப்பில்தான் இருக்கின்றன. தபாலில் வரவழைத்த "பெர்ஃபார்மன்ஸ் சிப்" ஒன்றை மாட்டியும் தீரவில்லை. பிற்பாடு அதைப் படித்துப் பார்த்தால் ஸ்பார்க் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் எவ்வளவு முன்னதாக அடிக்கிறது என்பதை, கொஞ்சம் ஏற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். பெட்ரோல் அட்டவணையைத் தொடவே இல்லை. நான்கு மாதத்தில் அந்தக் கேமைக் கழற்றினேன்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் இருக்கிற எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே 12 துளையுள்ள ஒரு கனெக்டர் இருக்கும். அதில் ஏ, பி துளைகளை ஒரு கம்பியால் இணைத்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் செக் எஞ்சின் விளக்கு மினுங்கும். 12 என்ற கோட் மூன்று முறை வந்தால் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது என்று பொருள். அதற்கு அடுத்து வருபவைதான் குறைகள்: 44 என்றால் கலவை மெலிவு (பெட்ரோல் குறைவு), 45 என்றால் செழிப்பு (பெட்ரோல் அதிகம்), 33-ம் 34-ம் மேப் சென்சார் பற்றியவை. விரிசல் விட்ட வேக்யூம் ஹோஸ்களை மாற்றுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

டைமிங்கில் ஒரு கண்ணி இருக்கிறது. கம்ப்யூட்டர் தன் பங்குக்கு ஸ்பார்க்கை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும்போது டைமிங் லைட் அடித்துப் பார்த்தால் வரும் எண் பொய். பழுப்பில் கறுப்புக் கோடு போட்ட ஒற்றைக் கம்பி ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுத்தான் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி பூஜ்ய டிகிரியில் வைக்க வேண்டும். நான் கழற்றாமல் வைத்து, வண்டி ஏன் கிழட்டு மாடு மாதிரி திணறுகிறது என்று இரண்டு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

தெர்மோஸ்டாட்டிலும் கைவைக்காதீர்கள். 195 டிகிரி ஃபாரன்ஹீட்தான் சரி. குளிர்ச்சியாக ஓடினால் நல்லது என்று 160 போடுகிறவர்கள் உண்டு. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்து பெட்ரோல் கணக்கு. பலர் இதைப் போட்டே பார்ப்பதில்லை. 5.7-க்கான இன்ஜெக்டர் ஒன்று மணிக்குச் சுமார் 61 பவுண்ட் விடும். இரண்டுக்கும் 122. எந்த இன்ஜெக்டரையும் 85 சதவீதத்துக்கு மேல் திறந்தே வைத்திருக்கக் கூடாது, ஆக 104 பவுண்ட். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய அரை பவுண்ட் என்று வைத்தால் 207 குதிரைத்திறன் வருகிறது. தொழிற்சாலை இந்த எஞ்சினுக்குச் சொன்னது 210. அதாவது மிச்சம் ஒன்றுமே இல்லை. ஹெட்டும் கேமும் மாற்றி இன்னும் 50 குதிரைத்திறன் காற்றை உள்ளே விட்டால், அதற்கு ஈடான பெட்ரோல் வராது.

ஒரு வழி, அழுத்தத்தை ஏற்றுவது. இந்த அமைப்பு வெறும் 9 முதல் 13 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்ட்) அழுத்தத்தில் ஓடுகிறது. 12-ஐ 15 ஆக்கினால் பெட்ரோல் கால் பங்கு கூடிவிடாது. வர்க்கமூலக் கணக்குப்படி 12 சதவீதம்தான் கூடும், சுமார் 230 குதிரைத்திறனுக்குப் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 7.4 லிட்டர், அதாவது 454 எஞ்சினின் பெரிய இன்ஜெக்டர்களைப் போடலாம். நான் அதைத்தான் செய்தேன், ஆனால் த்ராட்டில் பாடியை மாற்றவில்லை. 454-இன் அகலமான த்ராட்டில், 350-இல் காலை வைத்ததும் துள்ளும். எதைச் செய்தாலும் பெட்ரோல் லைனில் ஒரு டி போட்டு கேஜ் மாட்டுங்கள். இந்த எஞ்சினில் அழுத்தம் பார்க்கத் தனி வாய் கிடையாது. டாங்குக்குள் இருக்கும் பழைய பம்ப் அந்த அழுத்தத்தைத் தாங்குகிறதா என்றும் அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, பாகங்கள். பழைய ஹெட் கீழ்ச்சுற்றில் நன்றாக இழுக்கும், 4,000 சுற்றில் மூச்சு முட்டும். 1996-இல் ஜி.எம். டிரக்குகளில் வந்த வோர்டெக் ஹெட் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதில் மேனிஃபோல்டுக்கு 12 போல்ட் இல்லை, எட்டுதான். ஆகவே த்ராட்டில் பாடி உட்காரக்கூடிய வோர்டெக் மேனிஃபோல்டும் சேர்த்து வாங்க வேண்டும். கேம் லிஃப்ட் (வால்வைத் தூக்கும் உயரம்) 0.450 அங்குலத்தைத் தாண்டினால் ரிடெய்னருக்கும் (வால்வு ஸ்ப்ரிங்கின் தொப்பி) வால்வு கைடுக்கும் இடையில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு மாட்டுங்கள். இரண்டாவது முறை நான் எடுத்த கேமின் டியூரேஷன் உள்வால்வுக்கு 204, வெளிவால்வுக்கு 214 டிகிரி. லோப்களின் (கேமில் வால்வைத் தள்ளும் மேடுகள்) இடைவெளி 112 டிகிரி. ஐடிலில் 16 அங்குலம் வேக்யூம் நிற்கிறது. கடையில் அடுக்கியிருக்கிற கேம்களில் இது சாதுவானது. கம்ப்யூட்டரை வைத்துக்கொள்கிறவருக்குச் சாதுதான் வேண்டும்.

(க்ளோவ் பாக்ஸில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பாருங்கள். ஜி.யு.4 என்று இருந்தால் பின் ஆக்ஸிலின் கியர் விகிதம் 3.08. அதை 3.73 ஆக்கினாலே பாதிப் பேருக்கு எஞ்சினைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்காது.)

இ.ஜி.ஆர். வால்வை (புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடுவது) அடைத்துவிடச் சொல்வார்கள். அந்த வால்வு திறக்கும்போது கம்ப்யூட்டர் டைமிங்கை ஏற்றுகிறது. அதனிடம் சொல்லாமல் அடைத்தால் சமநிலத்தில் போகும்போதே எஞ்சின் நாக் அடிக்கும், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடித்து உள்ளே தட்டும். தவிர, அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுப் பாகத்தை முடக்குவது மத்தியச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் அந்த வகைப் பாகம் எதை மாற்றினாலும் அதற்கு அரசு அனுமதி எண் இருக்க வேண்டும். வாங்கும்போதே அந்த எண்ணைக் கேளுங்கள்.

இனி சிப். என் வண்டியில் இருப்பது 1227747 எண் கம்ப்யூட்டர். இந்த வண்டிகளை நோண்டுகிறவர்கள் எல்லோரும் "7747" என்றுதான் சொல்வார்கள். சாவியை ஆஃப் செய்து, சிப்பை எடுத்து, ரீடரில் படித்து, அந்தக் கோப்பை இரண்டு இடங்களில் சேமித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ட்யூனர்புரோ மென்பொருளில் அதைத் திறந்தால் பழைய அட்டவணைகள் எல்லாம் கண்முன் வரும். முதலில் மாற்ற வேண்டியது இன்ஜெக்டர் மாறிலி, அதாவது இன்ஜெக்டரின் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் எண். இன்ஜெக்டர் 10 சதவீதம் கூடுதலாக விட்டால், இந்த எண்ணை ஏறக்குறைய அதே அளவு குறைக்க வேண்டும். சிலிண்டர் எவ்வளவு நிரம்பும் என்று சொல்லும் அட்டவணையில் நடு மற்றும் மேல் சுற்றுகளைச் சற்று ஏற்றி வையுங்கள். டைமிங்கை ஏற்ற வேண்டாம், இரண்டு டிகிரி குறைத்தே ஆரம்பியுங்கள்.

இதை எஞ்சின் கிளம்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இந்த டிரக்குகளில் பெரும்பாலும் ஃப்ளாட் டாப்பெட் கேம்தான், உருளை இல்லாமல் நேரடியாக உராய்ந்து ஓடும் வகை. புதுக் கேம் கிளம்பியதும் 2,000 சுற்றுக்கு மேல் இருபது நிமிடம் ஓட வேண்டும், துத்தநாகம் கலந்த ஆயிலோடு. கிளம்பாமல் ஸ்டார்ட்டரில் சுற்றிக்கொண்டே இருந்தால் லோப் தேய்ந்துவிடும். முதல் திருப்பலிலேயே பிடித்துக்கொள்ளும் அளவுக்காவது சிப் சரியாக இருக்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் சுவையான பகுதி. லேப்டாப்பை இணைத்து ஓட்டும்போது பி.எல்.எம். (பிளாக் லேர்ன் மல்டிப்ளையர்) என்ற எண்ணைப் பாருங்கள். ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதை வைத்து கம்ப்யூட்டர் தன் ஊகத்தை எவ்வளவு திருத்துகிறது என்பது அதில் தெரியும். 128 என்றால் திருத்தமே இல்லை. 138 என்றால் கூடுதல் பெட்ரோல் சேர்க்கிறது. அந்த இடத்தில் அட்டவணையில் 60 இருந்தால், 138-ஐ 128-ஆல் வகுத்துப் பெருக்குங்கள், 64.7 என்று எழுதுங்கள். இந்தக் கம்ப்யூட்டர் நிதானப் பேர்வழி, ஏறக்குறைய ஒன்றேகால் விநாடிக்கு ஒரு முறைதான் தகவல் தரும். அதனால் சட்சட்டென்று காலை மிதித்து எடுக்காமல் ஒரே நிலையில் பிடித்து ஓட்ட வேண்டும். நீளமான லேசான ஏற்றம்தான் இதற்கு வாகு. எனக்கு ஒன்பது சிப் எழுத வேண்டியிருந்தது. மூன்றாவதிலேயே ஐடில் அடங்கிவிட்டது, மற்ற ஆறும் 2,400 சுற்றைச் சுற்றியே.

ஹெடர் (சிலிண்டருக்கு ஒரு குழாயாகப் புகையை வெளியேற்றும் தொகுதி) போட்டிருந்தால் ஆக்ஸிஜன் சென்சார் எஞ்சினை விட்டுத் தள்ளிப் போயிருக்கும். ஐடிலில் அது ஆறிவிடும், எண்கள் உளறும். சூடேற்றியுள்ள மூன்று கம்பி சென்சாராக மாற்றுங்கள்.

முழு மிதியில் இந்த பி.எல்.எம். வித்தை பலிக்காது. அப்போது கம்ப்யூட்டர் ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்பதே இல்லை. கடன் வாங்கியாவது வைட்பேண்ட் மீட்டர் (கலவையைத் துல்லியமாக அளப்பது) ஒன்றை மாட்டி, கலவை, அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பது, 12.5-க்கும் 13-க்கும் இடையில் நிற்கும்வரை திருத்துங்கள். லேப்டாப்பில் நாக் சென்சாரின் எண்ணிக்கை ஏறாமல் இருந்தால்தான் டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாகத் திருப்பிக் கொடுக்கலாம். எண்ணிக்கை ஏறினால் உடனே சிப்பைக் குறை சொல்லாதீர்கள், ஹெடர் சட்டகத்தில் தட்டும் சத்தத்தையும் அந்த சென்சார் நாக் என்றே எடுத்துக்கொள்ளும். எனக்கு அப்படித்தான் இருந்தது. ஒரு போல்ட்டை இறுக்கியதும் போய்விட்டது.

தொழிற்சாலை சிப்பை நான் ஒரு சின்ன டப்பியில் போட்டு க்ளோவ் பாக்ஸிலேயே வைத்திருக்கிறேன், கூடவே அதைக் கழற்றத் தேவையான சின்ன ஸ்க்ரூடிரைவரும்.