ஞாபக மறதிக்கு மாத்திரை: சித்தியின் டப்பாவைக் கொட்டிப் பார்த்தபோது

போன வருடம் சித்திக்கு மறதி அதிகமாகிவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவார், ஒரே சாயங்காலத்தில் ஒரே கதையை இரண்டு தடவை சொல்வார், "இப்பதானே சொன்னீங்க" என்றால் முகம் சுருங்கிவிடும். வயது 61. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" சித்தி தயங்காமல் "சுகர் மாத்திரை மட்டுந்தான்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அவருடைய பழைய பிஸ்கட் டப்பாவைக் கட்டிலில் கொட்டினேன். வல்லாரை கேப்ஸ்யூல், அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம், மீன் எண்ணெய், முடி கொட்டாமல் இருக்க பயோட்டின், வைட்டமின் டி பாக்கெட் நாலைந்து, அமெரிக்காவில் இருக்கும் மகள் கொடுத்தனுப்பிய, ஞாபக சக்திக்கு என்று விற்கும் ஜிங்கோ மூலிகை மாத்திரை பாட்டில். (சுத்த சைவமான சித்தி மீன் எண்ணெயை எப்படி முழுங்கினார் என்பது தனிக்கதை.) "டேய், அதெல்லாம் மருந்தில்லடா, சத்துதானே" என்றார்.

எல்லாக் குழப்பமும் அந்த ஒரு வார்த்தையில்தான் தொடங்குகிறது. சத்து என்று பெயர் வைத்துவிட்டால் டாக்டரிடம் சொல்லத் தோன்றாது, அளவு பார்க்கத் தோன்றாது, எப்போது நிறுத்துவது என்றும் தோன்றாது.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று ஒரு மூலிகை இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் அவ்வளவாகக் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டியிலும் ஆன்லைனிலும் வருகிறது. மனச்சோர்வுக்கு இது வேலை செய்கிறதா என்றால், லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்குச் செய்கிறது என்றுதான் 2008இல் 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். சரி, நல்லதுதானே என்று கேட்கலாம். வேலை செய்கிறது என்றால் அது மருந்து, மருந்து என்றால் மற்ற மருந்தோடு மோதும். உடம்பில் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளை இது முடுக்கிவிடுகிறது. இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டு பேர் இதைச் சாப்பிட்டதில், மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் சரிந்து, புது இதயத்தையே உடம்பு எதிர்க்கத் தொடங்கியதை சூரிச் மருத்துவர்கள் 2000இல் பதிவு செய்தார்கள். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், சில எச்ஐவி மருந்துகள், எல்லாவற்றின் பலத்தையும் இது குறைக்கும். டாக்டர் கொடுத்த மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் வேறு ஆபத்து: செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் எகிறி நடுக்கம், படபடப்பு, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய்விடும்.

சித்தியின் ஜிங்கோ விஷயம் இன்னும் சப்பென்று முடியும். அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேருக்கு, பாதிப் பேருக்கு ஜிங்கோ, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று சுமார் ஆறு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது: டிமென்ஷியா (மூளைத் திறன் மங்கிக்கொண்டே போகும் நோய்) வருவதை ஜிங்கோ குறைக்கவில்லை. ஆனால் ஆஸ்பிரினோ ரத்தம் மெலிய வேறு மாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு பயம் இருப்பதால், அறுவை சிகிச்சைக்கு முன்னால் நிறுத்தச் சொல்கிறார்கள். பலன் இல்லை, பக்கவிளைவு மட்டும் உண்டு என்றால் அதற்கு எதற்கு டாலர்?

அடுத்த தவறுதான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. மறதி ஏன் வந்தது என்று பார்ப்பதற்கு முன்பே மறதிக்கு மாத்திரை வாங்கிவிடுகிறோம். மறதி ஒரு நோய் இல்லை, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. தைராய்டு குறைந்தால் மறதி வரும், சோர்வும் வரும். ரத்தசோகை, தூக்கமின்மை, சளிக்கும் அரிப்புக்கும் போடும் தூக்கம் வரவைக்கிற பழைய மாத்திரைகள், எல்லாமே மூளையை மந்தமாக்கும். வயதானவர்களுக்கு மனச்சோர்வே மறதி வேஷம் போட்டுக்கொண்டு வரும். சித்தி விஷயத்தில் பதில் சுகர் மாத்திரையிலேயே இருந்தது. ஒன்பது வருடமாக மெட்பார்மின். அது நீண்ட காலம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது குறையும். அதோடு அவர் சைவம், பாலும் தயிரும் தவிர பி12 வர வழி இல்லை. நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் சாப்பிடும் அமில மாத்திரைகளும் இதையே செய்யும். பார்த்தால் பி12 அளவு 148. 200க்குக் கீழே போனாலே குறைபாடு என்பார்கள். இது தெரியாமல் எட்டு மாதமாக வல்லாரை கேப்ஸ்யூல் போய்க்கொண்டிருந்தது. பி12 குறைபாட்டை நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் நரம்புக்கு வந்த சேதம் முழுசாகத் திரும்பாமல் போகலாம். பி12 பார்க்காமல் போலிக் ஆசிட் மட்டும் தொடர்ந்து சாப்பிடுவதும் தப்பு. ரத்தசோகை சரியான மாதிரி ரிப்போர்ட் வரும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் பி12 சரியாக இருக்கிறவர் மேலும் மேலும் பி12 போட்டால் ஞாபக சக்தி கூடிவிடாது. நிறைந்த குடத்தில் ஊற்றுகிற தண்ணீர்தான்.

பயோட்டின் யாருமே எதிர்பார்க்காத இடத்தில் கால் வாரும். ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான அளவு சுமார் 30 மைக்ரோகிராம். முடி மாத்திரையில் இருப்பது 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம், முந்நூறு மடங்குக்கும் மேலே. அதனால் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, ரத்தப் பரிசோதனைதான் ஏமாந்துபோகும். பல லேப் கருவிகள் பயோட்டினை வைத்தே வேலை செய்வதால், தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்எச் குறைவாகவும் டி4 கூடுதலாகவும் காட்டி, இல்லாத தைராய்டு நோயை இருப்பதுபோல் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனைகூடக் குறைவாகக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்டிஏ 2017இல் எச்சரித்தது. ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், லேப்பிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

லேபிளைப் படிக்காதது இன்னொன்று. மீன் எண்ணெய் பாட்டிலில் முன்பக்கம் பெரிதாக 1000 மில்லிகிராம் என்று இருக்கும். திருப்பினால் பொடி எழுத்தில் இபிஏ 180, டிஎச்ஏ 120. மொத்தம் 300தான் ஒமேகா-3, மீதி வெறும் எண்ணெய். இதையும் மிஞ்சியது அமுக்கரா சூரணம். சித்த மருத்துவ முறைப்படி கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று இரட்டிப்பாகப் போகும். கூட்டினால் 255 பங்கு. அதில் அமுக்கரா கால் பாகம், சர்க்கரை சரிபாதி! சுகர்காரரான சித்தி ராத்திரி பாலில் இதைக் கலந்து குடித்துவிட்டு, காலையில் குளுக்கோஸ் ஏறியிருப்பதற்கு இட்லியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பெயர்க் குழப்பமும் உண்டு. வல்லாரை வேறு, நீர்ப்பிரமி வேறு. இரண்டும் ஈரமான இடத்தில் வளரும், இரண்டையும் ஞாபக சக்திக்கு என்பார்கள், வடக்கே சில இடங்களில் வல்லாரையையே பிரம்மி என்பதும் உண்டு. ஆய்வுகளில் ஓரளவு பலன் காட்டியது பெரும்பாலும் நீர்ப்பிரமியின் சாறு, அதுவும் தினம் 300 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்து. ஆக, பிளஸ் டூ பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது பிள்ளைக்குப் பிரம்மி மாத்திரை வாங்கிக் கொடுத்தால் மிஞ்சுவது வயிற்றைப் பிரட்டுவது மட்டும்தான், அதன் வழக்கமான பக்கவிளைவே அதுதான். வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுங்கள், தாராளமாக. அதைச் சாப்பாடு என்று கொடுங்கள், சிகிச்சை என்று வேண்டாம்.

வைட்டமின் டி பாக்கெட்டைக் காட்டி "இது எப்போ?" என்றேன். "தினமும் ராத்திரி, பால்ல" என்றார். எனக்கு நிஜமாகவே பயம் வந்த இடம் அதுதான். 60,000 யூனிட் பாக்கெட் பொதுவாக வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். மாதக்கணக்கில் தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி தாகம், மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு, கூடவே மனக்குழப்பம். எதற்காகச் சாப்பிட ஆரம்பித்தோமோ அதையே அது கொண்டுவரும். நல்லவேளை, சித்தி தொடங்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. மனசு நன்றாக இருக்க வைட்டமின் டி என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். 50 வயதைத் தாண்டிய 18,353 பேரிடம் ஐந்து வருடத்துக்கும் மேல் தினம் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்ததில் மனச்சோர்வு வருவது குறையவில்லை என்று 2020இல் வெளியானது. குறைபாடு இருந்தால் எலும்புக்காகச் சாப்பிடுங்கள், அது வேறு.

"மூலிகை, ஒன்றும் செய்யாது" என்பதற்கும் இரண்டு வரி. அமுக்கராவால் சிலருக்குக் கல்லீரல் பாதித்து மஞ்சள்காமாலை வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன, தைராய்டு ஹார்மோனையும் அது ஏற்றலாம், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. 2023இல் டென்மார்க் அதைத் தடையே செய்துவிட்டது. தடை கொஞ்சம் அதிகப்படி என்பது என் எண்ணம். ஆனால் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் கேட்காமல் தொடங்கக் கூடாது. முகம் தெரியாத ஆன்லைன் கடையில் வாங்குவதையும் விட்டுவிடுங்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது என்று 2008இல் வந்தது. ஈயம் நினைவாற்றலைக் கெடுக்கும் பொருள்!

மனச்சோர்வுக்கு ஏற்கனவே டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சொந்தமாக நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம், விட்ட நோய் திரும்பவும் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை என்றால் கடைக்கு முன்னால் டாக்டர். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள்.

இப்போது சித்தி டாக்டரிடம் போகும்போது டப்பாவையே பையில் போட்டுக்கொண்டு போகிறார். பி12 ஊசி போட்டு நாலு மாதத்தில் தெளிவு தெரிந்தது. மறதி முழுக்கப் போகவில்லை, பால் இன்னும் எப்போதாவது பொங்குகிறது. ஜிங்கோ பாட்டிலைக் கழுவி ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறார்.