லேப்டாப் மூடிக்குக் காந்தத் தாழ்ப்பாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேப்டாப் மூடிக்குக் காந்தம் வைக்கிற வேலையைக் கொடுத்தால், புதிதாக வருபவர்கள் முதலில் திறப்பது காந்தம் விற்பவர்களின் பட்டியலைத்தான். எந்தக் கிரேடு, எத்தனை கிலோ இழுக்கும் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதை மூடிவைத்துவிட்டுக் கீலின் டிராயிங்கை எடுத்து வாருங்கள் என்றால் முகம் வாடிவிடுகிறது. பரவாயில்லை, இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்துதான் நாங்களும் வந்தோம். ஆனால் ஒவ்வொரு புதுக் குழுவும் அதே இடத்தில், அதே மாதிரி விழுவதைப் பார்த்தபிறகு எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

காந்தம் விரலை நசுக்கும், கீழே விழுந்தால் உடையும், இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை முதல் நாளே விரல் கற்றுக்கொள்ளும்.

முன்பெல்லாம் மூடியில் ஒரு கொக்கி, அதை விடுவிக்க ஒரு பொத்தான் என்று இருந்தது. 2006-இல் வந்த ஆப்பிள் மேக்புக் கொக்கியை எடுத்துவிட்டுக் காந்தத்தை நம்பியது. அதன்பிறகு பலரும் அந்த வழிக்கே வந்துவிட்டார்கள். பொத்தான் போனதும் வேலை சுலபமாகிவிட்டது போலத் தெரியும். உண்மையில் கடினமானது. கொக்கிக்குப் பிடிப்பது ஒரு வேலை, விடுவது வேறொரு வேலை. காந்தத்தில் இரண்டுக்கும் ஒரே விசைதான். பையில் குலுங்கும்போது மூடி திறக்கக் கூடாது, மேசையில் ஒற்றை விரலால் திறக்க வேண்டும். கீழே சொல்லும் தவறுகளில் பாதி இந்த இழுபறியை மறப்பதால் வருபவை.

கீலை மறந்துவிட்டுக் காந்தத்தைத் தேர்ந்தெடுப்பது

முன்விளிம்பில் விரலை வைத்துத் தூக்கும்போது மூன்று விஷயங்களை எதிர்த்துத் தூக்குகிறோம்: மூடியின் எடை, கீலின் உராய்வு, காந்தத்தின் பிடி. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டினால் மூடி திறக்காது, லேப்டாப்பே பின்கால்களில் சாய்ந்து எழும். அப்புறம் ‘டப்’ என்று மேசையில் விழும். இன்னொரு கையால் அடிப்பாகத்தை அழுத்திப் பிடித்துத் திறக்கிற பழக்கம் பலருக்கு இருப்பது இதனால்தான்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. மொத்த எடை 1.3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடைமையம் ஏறத்தாழ நடுவில், பின்கால்கள் கீலுக்கு நேர் கீழே. முன்விளிம்பில் சுமார் 6.4 நியூட்டன் கொடுத்தால் அடிப்பாகம் எழ ஆரம்பிக்கும். மூடி 400 கிராம் என்றால் அதைத் தூக்க விளிம்பில் 2 நியூட்டன் போய்விடும். இரண்டு கீல்களும் சேர்ந்து 0.55 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கேட்டால், 220 மி.மீ தள்ளியிருக்கும் விளிம்பில் அது 2.5 நியூட்டன். காந்தத்துக்கு மிச்சம் 1.9 நியூட்டன், அவ்வளவுதான். பட்டியலில் பார்த்த கிலோக் கணக்கையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூடும் நிலைக்கு அருகில் உராய்வு குறைந்து தானாகவே இழுத்து மூடும் கீல்கள் உண்டு. அப்படிப்பட்ட கீல் கிடைத்தால் இந்தக் கணக்கு நிறைய தளரும். ஆகவே கீல் செய்பவரோடு பேசி முடிக்கும்வரை காந்தத்தின் அளவை யாரிடமும் சொல்லாதீர்கள்.

தொட்டுக்கொண்டிருக்கும்போது அளந்த விசையை நம்புவது

இதைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

பட்டியலில் போட்டிருக்கும் இழுவிசை, காந்தம் தடித்த இரும்பை நேரடியாகத் தொட்டிருக்கும்போது அளந்தது. லேப்டாப்பில் அது ஒருபோதும் நடக்காது. மூடியின் தோல், பெயின்ட், கண்ணாடியைக் காக்கும் ரப்பர் திண்டின் உயரம், அடிப்பாகத்தின் சுவர் எல்லாம் நடுவில் நிற்கும். குறைந்தது 1 மி.மீ. இந்த 1 மி.மீ என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நீளம் 10, அகலம் 3, தடிமன் 2 மி.மீ உள்ள என்35 கிரேடு நியோடிமியம் காந்தம் ஒன்று, எதிரில் தடித்த இரும்பு. கணக்குப் போட்டால் தொட்டிருக்கும்போது ஏறத்தாழ 8 நியூட்டன் வரும். அரை மி.மீ விலக்கினால் 3. ஒரு மி.மீ என்றால் 1.5. ஒன்றரை என்றால் 0.9-க்கும் கொஞ்சம் குறைவு. இவ்வளவு ஒடுக்கமான காந்தத்துக்கு ஒவ்வொரு அரை மில்லிமீட்டரும் விசையை ஏறத்தாழப் பாதியாக்குகிறது, சில இடத்தில் அதற்கும் மேல்.

இப்போது உற்பத்திக்கு வாருங்கள். அச்சில் வார்த்த பாகம், பெயின்ட், பசை, திண்டின் உயரம், மூடியின் வளைவு எல்லாம் சேர்ந்தால் இடைவெளியில் 0.3 மி.மீ கூடக் குறைய வருவது சாதாரணம். 1.5 நியூட்டனுக்கு என்று வடிவமைத்த தாழ்ப்பாள் ஒரு லேப்டாப்பில் 2.2 ஆகவும் இன்னொன்றில் 1.1 ஆகவும் இருக்கும். மேலே நமக்கு இருந்த வரம்பு 1.9. ஒன்று மேசையோடு எழுகிறது, மற்றது லொடலொடக்கிறது. காந்தம் இரண்டிலும் ஒரே பெட்டியிலிருந்து வந்ததுதான்.

இதற்குப் பெரும்பாலான குழுக்கள் கண்டுபிடிக்கும் தீர்வு: வலுவான காந்தம்.

ஒரு திட்டத்தில் இது நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன். அலுமினியக் கட்டியில் கடைந்து செய்த முன்மாதிரி அற்புதமாகத் திறந்தது, மூடியது. எல்லாரும் கையில் வாங்கி மூடிப் பார்த்து அந்தச் சத்தத்தை ரசித்தார்கள். அச்சில் வார்த்த முதல் தொகுதி வந்ததும் மூடியின் முன்விளிம்பு நடுவில் தூக்கிக்கொண்டு நின்றது. மூலைகள் ஒட்டியிருந்தன. நடுவில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.4 மி.மீ தகடு தடையில்லாமல் உள்ளே போனது. கூட்டத்தில் பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது: காந்தம் போதவில்லை, என்35-ஐ எடுத்துவிட்டு என்52 போடுங்கள். அந்தத் தகட்டை யாரும் இரண்டாவது முறை கையில் எடுக்கவில்லை.

என்52 என்றால் என்ன? அந்த எண் காந்தத்தின் உச்ச ஆற்றல் பெருக்கம், அதாவது அதன் வலுவுக்கான ஓர் அளவு. எஞ்சு காந்தப்புலம் (காந்தம் தன்னுள் தக்கவைத்திருக்கும் புலம்) என்35-இல் சுமார் 1.2 டெஸ்லா, என்52-இல் 1.45-க்குப் பக்கம். வடிவம் மாறாவிட்டால் விசை அதன் வர்க்கத்தைப் பொறுத்துப் போகும், ஆகவே கிடைப்பது 45 சதவீதம் கூடுதல். அரை மில்லிமீட்டர் இடைவெளி தின்ற விசையைக்கூட அதனால் திருப்பித் தர முடியாது. ஆனால் இடைவெளி சரியாக அமைந்த மற்ற லேப்டாப்புகளில் அந்த 45 சதவீதமும் முழுசாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவரை ஒழுங்காகத் திறந்தவையும் மேசையோடு எழ ஆரம்பித்தன. தூக்கி நின்றவற்றின் நடுப்பகுதி கொஞ்சம் இறங்கியது, அதுவும் மூடியை வளைத்து. திரையின் மேல்விளிம்பில் அழுத்தத் தடம் தெரிந்தது.

காரணம் கடைசியில் கேமராவின் இருபக்கமும் இருந்த இரண்டு ரப்பர் திண்டுகள். கண்ணாடி விசைப்பலகையில் படாமலிருக்க யாரோ அவற்றை மட்டும் உயர்த்தியிருந்தார்கள். காந்தத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. திண்டைக் குறைத்ததும் பழைய என்35-இலேயே மூடி படிந்தது. வாங்கிய என்52 முழுவதும் அலமாரிக்குப் போனது.

ரப்பர் பற்றி இன்னொன்று. மூடியே கிடக்கும் லேப்டாப்பில் மென்மையான திண்டு நாளாக நாளாக அமுங்கி அப்படியே நின்றுவிடும். இடைவெளி குறையும், பிடி கூடும். ‘வாங்கும்போது நன்றாகத் திறந்தது, இப்போது வரமாட்டேன் என்கிறது’ என்று வரும் புகார்களில் கீலைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் திண்டின் உயரத்தை அளந்து பாருங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? மூடியின் உதட்டில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டுங்கள். தாழ்ப்பாளுக்கு நடுவே 0.1 மி.மீ பிளாஸ்டிக் ஃபிலிம் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் பிரியும் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கீலும் எடையும் எடுத்துக்கொள்ளும் பங்கைக் காந்தம் இல்லாமல் ஒருமுறை அளந்து கழித்துவிட்டால் இடைவெளிக்கும் பிடிக்கும் உள்ள கோடு கிடைத்துவிடும். அதன்மேல் உங்கள் டாலரன்ஸின் (உற்பத்தியில் அளவு கூடக் குறைய வரும் வரம்பின்) இரு எல்லைகளையும் வரையுங்கள். கோடு அங்கே செங்குத்தாக விழுகிறதென்றால் அந்த வடிவமைப்பு உற்பத்திக்கு ஆகாது. காந்தத்தை அகலப்படுத்தி, இடைவெளியை வேண்டுமென்றே கூட்டினால் அதே விசை சரிவு குறைந்த இடத்தில் கிடைக்கும். இடம் அதிகம் பிடிக்கும்தான். தொழில்துறை வடிவமைப்பாளர் முனகுவார், முனகட்டும்.

இடைவெளியை எது தீர்மானிக்கிறது என்பதும் முக்கியம். காந்தத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கடினமான திண்டு இருந்து, அதுதான் மூடியை நிறுத்த வேண்டும். காந்தத்தைக் குழிக்குள் முன்சுவரோடு ஒட்டி உட்காரவைத்து, பசையைப் பின்பக்கம் கொடுங்கள். முன்பக்கம் பசை வைத்தால் அதன் தடிமனும் டாலரன்ஸில் சேர்ந்துகொள்ளும்.

தாழ்ப்பாள் காந்தத்தையே ஹால் சென்சாருக்கும் பயன்படுத்துவது

காந்தப்புலத்தை உணர்ந்து மூடி மூடியதா என்று பார்ப்பது ஹால் சென்சார். அதற்குச் சில மில்லிடெஸ்லா போதும். ஒரு பாகம் மிச்சம் என்று தாழ்ப்பாள் காந்தத்தையே காட்டினால், மூடி பாதி திறந்திருக்கும்போதே திரை அணைவது, பின்பக்கம் மடங்கும் மாடல்களில் மடித்ததும் தூங்கிப்போவது என்று வரிசையாக வரும். திறந்திருக்கும் லேப்டாப்பின்மேல் இன்னொன்றை வைத்தால் கீழே இருப்பது அணைந்துபோவதும், காந்தப் பட்டை போட்ட கைக்கடிகாரத்தோடு தட்டச்சு செய்தால் திரை இருள்வதும் இந்தக் குடும்பம்தான். மணிக்கட்டு ஓய்வெடுக்கும் இடம் சென்சாருக்கு நேர் மேலே இருக்கும், பாவம்.

சென்சாருக்கு ஒரு சிறிய தனிக் காந்தம் கொடுங்கள், தாழ்ப்பாளிலிருந்து தள்ளி, மணிக்கட்டு வராத பக்கவிளிம்பில். எந்தத் துருவத்துக்கும் விழிக்கும் சென்சாரா, ஒரு துருவத்துக்கு மட்டுமா என்பதையும் பார்த்து வாங்குங்கள். மடங்கும் மாடல் என்றால் மூடியிலும் அடிப்பாகத்திலும் உள்ள முடுக்கமானிகளை ஒப்பிட்டுக் கோணத்தையும் சரிபார்ப்பது நல்லது.

துருவத்தை டிராயிங்கில் மட்டும் எழுதுவது

காந்தத்துக்கு எதிரே காந்தம் வைத்தால் துருவம் முக்கியம். பட்டைக் காந்தம் எப்படித் திருப்பினாலும் பார்க்க ஒரே மாதிரிதான். தட்டில் இருக்கும்போதே பக்கத்துக் காந்தம் இழுத்துப் புரட்டிவிடும். எல்லாம் தலைகீழானால் மூடி விலகி நிற்கும், உடனே தெரியும். நான்கில் ஒன்று மட்டும் புரண்டால்தான் ஆபத்து. பிடி குறையும், ஆனால் மூடி மூடும், சோதனையிலும் தேறிவிடும். காந்தத்தின் ஒரு மூலையைச் சரித்துச் செய்யச் சொல்லி, குழியையும் அதற்கேற்ப வெட்டுங்கள். முடிந்தால் ஒரு பக்கம் இரும்பு வைத்து இந்தத் தலைவலியையே ஒழித்துவிடுங்கள்.

‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மட்டும் எழுதுவது

304 ரகம் காந்தத்தில் ஒட்டாது. 430 ஒட்டும். எண்ணை எழுதுங்கள்.

எதிர்த்தகட்டை மெலிதாக்குவது

காந்தத்துக்கு எதிரே வைக்கும் இரும்புத் தகடு 0.2 மி.மீ என்றால் சீக்கிரமே காந்தப்பாயத்தால் நிறைந்துவிடும். அதற்குமேல் காந்தத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் பெரிதாகப் பயனில்லை.

பசையை மட்டும் நம்புவது

பசை பிடிப்பது நிக்கல் பூச்சை, காந்தத்தை அல்ல. பூச்சு உரிந்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். காந்தம் வெளியே வர வழியில்லாதபடி குழியின் வாயில் ஒரு உதடு வையுங்கள்.

வெப்ப எழுத்தைக் கவனிக்காதது

என்52-க்குப் பின்னால் எழுத்து எதுவும் இல்லையென்றால் அதன் வரம்பு பொதுவாக 80 டிகிரி செல்சியஸ். எம் என்றால் 100, எச் என்றால் 120. மெல்லிய காந்தம் அந்த வரம்புக்கு முன்பே வலுவிழக்கத் தொடங்கும். கீலின் பக்கம் சூடான காற்று வெளியேறும் மாடல்களில் இதை நினைவில் வையுங்கள்.

வெளிப்பரப்பில் மிஞ்சும் புலத்தை அளக்காதது

ஹோட்டல் அறைச் சாவியாகக் கொடுக்கும் காந்தப்பட்டை அட்டைகள் பலவற்றின் கோயர்சிவிட்டி (பதிந்ததை அழிக்கத் தேவையான புலம்) 300 ஓர்ஸ்டெட்தான், அதாவது சுமார் 30 மில்லிடெஸ்லா. முன்விளிம்பில் அவ்வளவு கசிந்தாலே அட்டை செத்துவிடக்கூடும். இதயமுடுக்கி வைத்திருப்பவர்கள் காந்தம் உள்ள சாதனங்களை 15 செ.மீ தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். மடியில் வைத்துப் பயன்படுத்தும் பொருள் இது. ஆகவே மூடி திறந்த நிலையிலும் ஒருமுறை அளந்து, பயனர் கையேட்டில் எழுதும் எச்சரிக்கையை அந்த எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.