தேதியில் யூடிசி மணியை வைப்பது

ஒரு முறை என் தினசரி அறிக்கையில் ஒவ்வொரு நாளின் தலைப்பிலும் முந்தைய தேதி வந்து நின்றது. அலசிப் பார்த்தால், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் நான் எழுதியிருந்தது செட்ஹவர்ஸ் என்ற கட்டளை. அது கணினியின் உள்ளூர் நேரப்படி மணியை வைக்கும். யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, 3 மணி நேரம் முன்னால் ஓடும் கணினியில் 0 என்று வைத்தால், யூடிசியில் அது முந்தைய நாள் 21 மணி.

வேண்டியது செட்யூடிசிஹவர்ஸ். அடைப்புக்குள் மணி, நிமிடம், நொடி, மில்லிநொடி. மணி மட்டும் கொடுத்தாலும் ஓடும்; ஆனால் கொடுக்காதவை பழையபடியே நிற்கும். யூடிசியில் 14:37 ஆக இருந்த தேதிக்கு வெறும் 0 கொடுத்தால் கிடைப்பது 00:37. நாளின் தொடக்கம் வேண்டுமா, சோம்பல்படாமல் நான்கு பூஜ்யமும் போடுங்கள்.

24 கொடுத்தால் பிழை வராது, சத்தமில்லாமல் மறுநாள் 0 மணிக்குப் போய்விடும். -1 என்றால் முந்தைய நாள் 23.

அப்புறம், இது மூலத் தேதியையே மாற்றிவிடும். திருப்பித் தருவதும் தேதி அல்ல, 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மில்லிநொடிகள். அதனால் நியூ டேட் போட்டு நகல் எடுத்து, அதில் கை வையுங்கள். சரிபார்க்க டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் போடுங்கள்; டுஸ்ட்ரிங் உள்ளூர் நேரத்தைக் காட்டிக் குழப்பும்.